அறுபதாங் கல்யாணத்துக்கு ஒப்பாரி

மாயவரம் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில், நடவு முடித்து வந்த இரண்டு பெண்கள். காலில் சேறு இன்னும் காயவில்லை. தூக்குவாளி வைத்திருந்தவள் திடீரென்று சொன்னாள்:

“உசுரோட இருக்கற மனுசனுக்கு என்னை ஒப்பாரி பாடச் சொல்றாங்கடி!”

“யாருக்குக்கா?” என்றாள் பக்கத்திலிருந்த இளையவள்.

“நம்ம மிராசுதாருக்குத்தான். அவரு மவன் பட்டணத்துலேருந்து வந்து என் பாட்ட டேப்புல புடிச்சிட்டுப் போனாருல்ல? அப்பாவோட அறுபதாங் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் வந்து பாடணுமாம்.”

“ஒப்பாரின்னு சொல்லலியா?”

“சொன்னேனே. எதுக்குப் பாடுனா என்ன, ராகம் ஆளை உருக்குதுங்கறாரு.”

“அய்யய்யோ! குத்தகை நெலத்த வுட்டு நம்மள வெரட்டுனப்ப, வைக்கோல் பொம்மைக்கு அவங்கப்பா பேர வச்சுப் பாடுனதாச்சே அது!”

“மவனுக்கு அது தெரியாது. பெரியவரு அன்னிக்கு வரப்புல நின்னு முழுசா கேட்டவராச்சே. இப்ப டேப்பக் கேட்டுட்டு, ‘பாட்டு நல்லாத்தான் இருக்கு, நான் போனப்புறம் பாடச் சொல்லு’ன்னு மவன்கிட்ட சொல்லிட்டாராம்.”

கடைசி இருக்கை வரை சிரிப்பு. கண்டக்டர் விசில் ஊத மறந்து நின்றார்.

“அவரு போனப்புறம் பாடுவியாக்கா?”

“நெலத்த நம்ம பேருக்கு எழுதி வச்சிட்டுப் போவட்டும். அதே பாட்டத்தான் பாடுவேன். அன்னிக்குக் கண்ணீரும் வரும்.”