எழுபது லட்சமும் கால் டி.எம்.சி.யும்

அவைத்தலைவர் கந்தப்பன் அவர்களே, தலைமடைப் பெரியோர்களே, கடைமடைக் காளையர்களே, மண்வெட்டியைப் பந்தக்காலில் சாய்த்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, சென்ற ஆண்டு என் பேச்சை நம்பிப் பயிரைப் பறிகொடுத்த பண்பாளர்களே, பாசனச் சங்கச் செயலாளர் தங்கதுரையின் பணிவான வணக்கம்.

நூறு லட்சத்தை நாம் கோடி என்கிறோம். அமெரிக்காவில் லட்சமும் இல்லை, கோடியும் இல்லை. அங்கே பத்து லட்சம் மில்லியன், நூறு கோடி பில்லியன். ஜெர்மனியில் வேலை பார்க்கும் நம் தனபாலைக் கேட்டால், அங்கே பில்லியன் என்பது லட்சம் கோடியாம். ஒரே பெயர், ஆயிரம் மடங்கு வேறுபாடு. இந்த அறிவு எனக்கு எப்போது வந்தது? அறுவடைக்குப் பிறகு வந்தது.

சென்ற தையில், நம் வாய்க்காலுக்கு எழுபது லட்சம் கன மீட்டர் தண்ணீர் என்றது நம் பாசனத் துறையின் மலையாள அறிவிப்பு. கால் டி.எம்.சி. என்றது மாநில எல்லை தாண்டிப் பொள்ளாச்சியிலிருந்து வந்த தமிழ்ச் செய்தித்தாள். டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. அதில் காலைக் கன மீட்டராக்கினால் ஏறத்தாழ அதே எழுபது லட்சம். தண்ணீர் ஒன்று, அது கட்டிய தலைப்பாகை இரண்டு. நான் கணக்குப் போட்டேனா? இல்லை. இதே மேடையில் முழங்கினேன். "எழுபது லட்சம் எங்கே, வெறும் கால் எங்கே? முக்காலை முழுங்கியது யார்?" கைதட்டினீர்கள். உங்களை நான் குறை சொல்லவில்லை.

மூன்று நாள் சாலையில் அமர்ந்தோம். அந்த மூன்று நாள்தான் நம்முடைய முறைத்தண்ணீர். மடை திறக்க ஆளில்லாமல் அது நம் பக்கத்திலேயே ஓடி ஆற்றில் கலந்தது. சாப்பிட்டுக் கை கழுவியதும் அந்தத் தண்ணீரில்தான்.

முத்தாத்தாள் அக்கா மட்டும் வரவில்லை. அழைக்கப் போனேன்.

"ஏனுங்க்கா, எழுவது லட்சம் போச்சுங்க. வர்லீங்களா?"

"லட்சமெல்லாம் எனக்குத் தெரியாதுங்க தம்பி. வாய்க்கால்ல முழங்கால் மட்டுக்கு வந்திருக்குது. மடையத் தொறக்கோணும், தள்ளி நில்லுங்க."

அவர் வயல் விளைந்தது. நாற்பது ஏக்கர் பதராயிற்று. அதில் இரண்டு என்னுடையது. மற்ற முப்பத்தெட்டுக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

என்னங்க? இந்த ஆண்டு எத்தனை என்றா கேட்கிறீர்கள்? நான்கு பெயர்களிலும் எழுதி வந்திருக்கிறேன். மில்லியன் என்றாலும் நனைக்கும், கோடி என்றாலும் நனைக்கும், மடை திறந்திருந்தால். திறக்காத மடைக்குப் பில்லியன் வந்தாலும் பயிர் காயும், பானை காயும், பிள்ளைகள் வயிறும் காயும். ஆகவே...

முத்தாத்தாள் அக்கா ஏன் எழுந்துவிட்டீர்கள்?

"பந்தலுக்குப் பின்னால வாய்க்கால்ல தண்ணி வந்திருச்சுங்க தம்பி."

எவ்வளவுங்க்கா?

"முழங்கால் மட்டுக்குங்க."

என் உரையில் இன்னும் பதினொரு பக்கம் இருக்கிறது. அவற்றை இந்த மேசையிலேயே விட்டுவிடுகிறேன். தலைவருக்கு நன்றி, தாய்மார்களுக்கு வணக்கம். என் மண்வெட்டியை யார் எடுத்தீர்கள்?