திரும்பும் வழியில் விட்ட நாலு சுற்று

மத்தியானம் பன்னிரண்டு நாற்பது. ஒரத்தநாட்டுக்குத் தெற்கே, ஒரு கார் போனால் எதிரே சைக்கிள்கூட வர முடியாத தார்ச்சாலை. இரண்டு பக்கமும் நடவு முடிந்து பத்து நாளான வயல். ஆள் இல்லை, ஆடு மாடு இல்லை... காற்றும் இல்லை.

ஆமாம், மத்தியானம்தான். பேய் என்றால் நடுச்சாமம், புளியமரம், வெள்ளைப் புடவை என்று காத்திருப்பவர்கள் இப்போதே போய்ப் படுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கரண்ட் வர இன்னும் நேரமாகும். இது என்னோடு வேலை பார்க்கும் ஆல்பினின் சித்தப்பா மகளுக்கு நடந்தது. பெயர் லின்சி. பெங்களூரில் ஜாஸ் பாடுகிறவள்.

ஜாஸ் என்றால் என்ன என்று இதோ உட்கார்ந்திருக்கும் அருள்செல்வி கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் உண்டாக்கிய இசை. அதில் ஒரு வழக்கம் உண்டு. பாடகி நாலு சுற்று பாடுவாள்; ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று தாளம் எண்ணி முடித்தால் ஒரு சுற்று. அடுத்த நாலு சுற்றை வாத்தியக்காரருக்கு விட்டுவிடுவாள். அவர் அவளுக்குப் பதில் சொல்வதுபோல வாசிப்பார். மறுபடி அவள்... மறுபடி அவர். லின்சியின் பாட்டு முழுவதற்கும் சேர்த்தே முப்பத்திரண்டு சுற்றுதான். இந்த எண்ணை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினோரு வருஷத்துக்குப் பிறகு சொந்த ஊர்ப் பக்கம் பாட வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை தஞ்சாவூர், சனிக்கிழமை கும்பகோணம், ஞாயிற்றுக்கிழமை நாகப்பட்டினம். மூன்று ஊரிலும் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. புதன்கிழமை அவளுடைய பெரியப்பா செத்துப்போனார்.

பெரியப்பா பெயர் பெரியநாயகசாமி. ஆல்பினின் அப்பா. மாதா கோயில் பேண்டு செட்டில் நாற்பது வருஷம் கிளாரினெட் வாசித்தவர். கடைவாயில் எந்நேரமும் ஒரு கிராம்பை அடக்கியிருப்பார். பாடத்தான் போவேன் என்று லின்சி நின்றபோது, அந்த வீட்டில் அவள் பக்கம் பேசிய ஒரே மனுஷன். அவளுடைய அப்பா ஒரத்தநாட்டில் உரக்கடை வைத்திருக்கிறார். அவர் அன்றைக்கு நிறுத்திய பேச்சுதான். மகள் பாடி ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை.

வியாழக்கிழமை அடக்கம். கல்லறையில் ஆளாளுக்கு மண் போட்டு முடித்தபின் அப்பா மெதுவாக வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"போறதுக்கு முன்னாடி அண்ணன் ஒண்ணே ஒண்ணு கேட்டுச்சு. புள்ள பாட்ட ஒரு தடவ போய்க் கேளுடான்னுச்சு," என்றார். "ஞாயித்துக்கெழமை நாகப்பட்டினத்துக்கு வர்றேன்."

லின்சி எத்தனையோ ஊரில் பாடியிருக்கிறாள், கைத்தட்டு வாங்கியிருக்கிறாள். முதல் வரிசையில் அப்பா உட்கார்ந்திருக்கும் ஒரு கச்சேரிக்குத்தான் இத்தனை வருஷமும் ஏங்கியிருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை குரல் நன்றாக இருக்க வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்று அங்கேயே நின்று மாதாவிடம் வேண்டிக்கொண்டாள்.

அந்த பேண்டு செட்டுக்கென்று சில பழக்கங்கள் உண்டு. வாத்தியக்காரர் செத்தால் வாத்தியத்தையும் பெட்டிக்குள் வைத்துத்தான் புதைப்பார்கள். ஆனால் மவுத்பீஸை, அதுதான் உதட்டில் வைத்து ஊதுகிற அந்தக் கறுப்பு முனையை, கழற்றி வீட்டில் வைத்துக்கொள்வார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் பார்ப்பார்கள். இன்னொன்று... கல்லறையிலிருந்து திரும்பும் வழியில், புது ஆற்றுப் பாலம் தாண்டுகிற வரைக்கும் ஒருவரும் ஊத மாட்டார்கள், பாட மாட்டார்கள். சீட்டிகூட அடிக்க மாட்டார்கள்.

கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு ஆல்பின் அதையேதான் சொன்னான். "பாலம் தாண்டுற வரைக்கும் எதையும் பாடி வெச்சிராத பாப்பா."

"சரிண்ணே," என்றாள்.

சரி என்றுதான் பன்னிரண்டரைக்குத் தஞ்சாவூருக்குக் கிளம்பினாள். ஆனால் பாடுகிறவர்களுக்குக் கார்தான் பயிற்சி அறை. மறுநாள் கச்சேரி. கை தானாக ஸ்டியரிங்கில் தாளம் போட்டது. இரண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, கச்சேரியின் கடைசிப் பாட்டை, அவளே எழுதிய பாட்டை, முணுமுணுக்க ஆரம்பித்து முழுக் குரலில் பாடிக்கொண்டிருந்தாள்.

நாலு சுற்று பாடினாள். பழக்க தோஷம், அடுத்த நாலு சுற்றை விட்டாள். சாக்ஸபோன் வாசிக்கும் ஜெக்கரியா மறுநாள் காலை ரயிலில்தான் வருகிறான். அதனால் அந்த நாலு சுற்றும் விரல் தட்டுகிற சத்தம் மட்டும். டக்... டக்... டக்... டக்.

மறுபடி பாடினாள். மறுபடி விட்டாள்.

பதில் வந்தது.

கிளாரினெட்.

போன்தான் பாடுகிறதோ என்று பார்த்தாள். அணைந்து கிடந்தது. ரேடியோவும் அணைந்திருந்தது. ஏசிக் காற்றில் கிராம்பு வாசனை. சத்தம் பின் சீட்டிலிருந்து வரவில்லை, வெளியிலிருந்தும் வரவில்லை. அதைவிடப் பக்கத்தில் இருந்தது... அவளுடைய பல்லுக்குப் பின்னால் அதிர்ந்தது.

நானாக இருந்தால் காரை வயலில் விட்டுவிட்டு ஓடியிருப்பேன். நீங்கள் எனக்கு முன்னால் ஓடியிருப்பீர்கள். அவள் ஓடவில்லை. அவ்வளவு அழகான பதில் அது. அதற்கு ஒரு பதில் பாடாமல் இருக்க அவளால் முடியவில்லை. பெரியப்பா வந்து விடைபெற்றுக்கொண்டு போகிறார் என்றே நினைத்தாள். கண்ணீர் வழிய வழியப் பாடினாள். அடுத்த நாலு சுற்றை அவளே, தெரிந்தே, அவருக்காக விட்டாள்.

பாலம் ஏறியதும் சத்தம் நின்றது. அக்கரையில் காரை ஓரம் கட்டி, அந்தப் பாட்டின் உச்சத்தில் வரும் ஒரு சுரத்தைப் பாடிப் பார்த்தாள். வரவில்லை. வலி இல்லை, கரகரப்பு இல்லை. அந்த ஓர் இடத்தில் மட்டும் குரலுக்குப் பதில் வெறும் காற்று வந்தது.

வெள்ளிக்கிழமை தஞ்சாவூர். அரங்கம் நிறைந்திருந்தது. அந்தச் சுரத்தைத் தொடாமல் ஒப்பேற்றிவிட்டாள். கடைசிப் பாட்டு வந்தது. நாலு சுற்று பாடிவிட்டு ஜெக்கரியாவைப் பார்த்தாள். அவன் சாக்ஸபோனை உதட்டுக்குக் கொண்டுபோய், அப்படியே இறக்கிவிட்டான். வேறு யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். நாலு சுற்று முடிந்து அவள் பாட வேண்டிய இடம் வந்தது... வாசிப்பு நிற்கவில்லை. எட்டுச் சுற்று போனபிறகுதான் அவளுக்கு இடம் கிடைத்தது.

கச்சேரி முடிந்ததும் ஜெக்கரியா சண்டைக்கு வந்தான்.

"கிளாரினெட்டுக்கு ஆள் போட்டா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்ல மாட்டியா? யாரு அது, தெரைக்குப் பின்னாடி?"

"யாரும் இல்ல ஜெக்கரியா."

"யாரும் இல்லாமலா எட்டு சுத்து வாசிச்சாங்க? நீ பாட்டுக்கு வாயத் தொறந்துக்கிட்டு நிக்கிற, பாடவும் மாட்டேங்குற."

வாயைத் திறந்துகொண்டு நின்றது அவளுக்குத் தெரியாது. அறைக்குப் போய் வாய் கொப்பளித்தாள். நாக்கெல்லாம் கிராம்பு. பாடிப் பார்த்தாள். இன்னும் இரண்டு சுரத்தைக் காணவில்லை.

சனிக்கிழமை கும்பகோணம். அந்தப் பாட்டே வேண்டாம் என்று முடிவு செய்துதான் மேடை ஏறினாள். வேறு பாட்டை எடுத்தாள். அதிலும் வந்தது. பதினாறு சுற்று. சனங்கள் எழுந்து நின்று கைத்தட்டினார்கள், புது மாதிரி உத்தி என்று நினைத்துக்கொண்டு. இறங்கி வந்தபோது அவளால் பேச முடிந்தது. பாட எடுத்தால் பாதிக் குரல் இல்லை.

நாலு... எட்டு... பதினாறு. அடுத்தது என்ன என்பதற்குக் கணக்கு வாத்தியார் வேண்டாம். நாளைக்கு முப்பத்திரண்டு. நாளைக்குத்தான் அப்பா வருகிறார்.

கச்சேரியை நிறுத்திவிடலாம் என்று போனைக் கையில் எடுத்தாள். பதினோரு வருஷம் கழித்து ஒரு தடவை வருகிறேன் என்ற மனுஷனிடம் வர வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? இன்னொரு தடவை வருவாரா? போனைக் கீழே வைத்தாள்.

ஞாயிறு காலையில் ஆல்பின் வீட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவன் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து இரும்புப் பீரோவைத் திறந்தான். வியாழக்கிழமை பூட்டிய பீரோ. உள்ளே, மடித்த வெள்ளைக் கைக்குட்டைக்குள் மவுத்பீஸ்.

கைக்குட்டை நனைந்திருந்தது.

பிரித்தான். மவுத்பீஸ் கையில் வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ வாயிலிருந்து எடுத்த மாதிரி. மேலே இரண்டு பல் பதிந்த தடம். விளிம்பைச் சுற்றி மெரூன் நிறத்தில் லிப்ஸ்டிக்... லின்சி மேடைக்குப் போடுகிற அதே நிறம்.

ஆல்பின் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். மவுத்பீஸை மறுபடி கைக்குட்டையில் சுற்றிக்கொண்டே சொன்னான். "அப்பாகிட்ட வாத்தியம் இருக்கு, இது இல்ல. அதுக்குத்தான் உன்னப் புடிச்சிருக்காரு. இதக் கொண்டுபோய்க் கொடுத்துட்டா உன்ன விட்டுருவாரு. எங்க அப்பா கெட்டவர் இல்ல பாப்பா."

சரியாகத்தானே படுகிறது? எனக்கும் கேட்டபோது சரியாகத்தான் பட்டது. பேண்டு செட்டில் யாரையும் அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார்கள்.

மத்தியானம் பன்னிரண்டு மணி. கல்லறை மண் இன்னும் இறுகவில்லை. முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, மவுத்பீஸை வைத்து மூடினார்கள். ஆல்பின் வண்டியில் வீட்டுக்குப் போனான். லின்சி அப்படியே நாகப்பட்டினத்துக்குக் கிளம்பினாள். இந்தத் தடவை உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டாள். பாலம் வந்தது, போனது. அக்கரையில் காரை நிறுத்தி, பயந்து பயந்து வாயைத் திறந்தாள்.

உச்ச சுரம் வந்தது. சுத்தமாக, முழுசாக, எப்போதையும்விட நன்றாக வந்தது. தனியாக உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

ஆறரை மணிக்கு நாகப்பட்டினத்தில் மேடை ஏறினாள். முதல் வரிசையில் அப்பா. சலவைச் சட்டை, கையில் சுருட்டிய நோட்டீசு. லின்சி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். தொட்ட இடமெல்லாம் குரல் பிசகாமல் நின்றது. வாழ்க்கையில் அப்படிப் பாடியதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. ஜெக்கரியா மட்டும் அவன் முறை வந்தபோதெல்லாம் வாசிக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தாள். சாக்ஸபோனைத் தரையில் வைத்துவிட்டு, மேடையின் ஓரத்துக்கு நகர்ந்துபோய் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அசந்துபோய்விட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசிப் பாட்டு. நாலு சுற்று பாடினாள். நாலு சுற்று விட்டாள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்... ஒன்றுமில்லை. பெரியப்பா போய்விட்டார். அந்த நிம்மதியில் மிச்சத்தையும் அவளே பாடி முடித்தாள்.

கைத்தட்டு ஓய்ந்து சனங்கள் கலைந்தபிறகு அப்பா மேடைப் படி ஏறி வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணனே வந்து வாசிச்ச மாதிரி இருந்துச்சும்மா. ரெண்டு மணி நேரம் அசையாம உக்காந்துட்டேன்." கொஞ்சம் தயங்கினார். "ஆனா நீ கடைசி வரைக்கும் பாடவே இல்லையே. வாய வாயத் தொறக்குற, இப்பப் பாடும் புள்ள, இப்பப் பாடும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

"நான்தானேப்பா பாடினேன்," என்றாள் லின்சி.

அப்பா அவள் உதடு அசைவதையே பார்த்தார். அவள் கையை விட்டுவிட்டு, அவளைத் தாண்டிக் காலி மேடையைப் பார்த்தார். திரையை விலக்கிப் பின்னால் பார்த்தார். பிறகு அவளிடம் திரும்பி வந்தார்.

"எல்லாரும் போயாச்சு," என்றார். "இன்னும் யாரும்மா வாசிக்கிறது?"