முதுகும் ஷாக் அப்சார்பரும்

நாமக்கல் பேருந்து வேகத்தடையில் எகிறி விழுந்தது. முன் இருக்கையில் இருந்த அம்மாள் பக்கத்திலிருந்த கணவரிடம், “இதுல கூட எனக்கு முதுகு வலிக்கலீங்க” என்றார்.

“நம்ம கார்ல எப்பவும் ஏழு பேரு ஏறிப் போறமே. குலுக்கலத் தாங்கற ஷாக் அப்சார்பர் எல்லாம் தேஞ்சுபோச்சாம். மெக்கானிக் சொல்லித்தான் தெரிஞ்சுது.”

“நான் பொங்கல்ல இருந்து சொன்னனுங்களே. வயசாயிருச்சு, தைலந் தேச்சுக்கன்னீங்க.”

வாய்மொழிப் புகாருக்கு நடவடிக்கை இல்லை என்பது விதி போலும்.

“அதான் பட்டறையில விட்டாச்சுல்ல. நாளைக்கே அதுல போயி மகளைப் பிரசவத்துக்குக் கூட்டியாந்தரலாம்.”

“மொதல்ல நான் பின் சீட்டுல உக்காந்து ராசிபுரம் வரைக்கும் போய்ட்டு வரோணும். எம் முதுகு சரின்னு சொன்னாத்தான் புள்ள ஏறுவா.”

“நீ சும்மா இரு. மெக்கானிக் ஓட்டிப் பாப்பான்.”

“அவரு முன்னால உக்காந்து ஓட்டுவாரு. பின்னால உக்காரப் போறது மாசமா இருக்கற நம்ம மகதானுங்க.”

அதுவரை மனைவியை ‘நீ’ என்றே பேசி வந்த கணவர், “சரிங்க” என்றார்.