முனியப்பன் பாத்த வெளிச்சம்

ஐயோ, நீங்க எதுக்கு மேடம் கைய வைக்கறீங்க, நகம் வீணாப் போயிடும். நேத்தே ஊறப் போட்ட அவரைக்கொட்டை, இப்ப பிதுக்கலேன்னா முளை கட்டிடும், அதான் நான் கையும் வேலையுமா உக்காந்திருக்கேன். அட, உங்களுக்கு நல்லாவே வருதே! பருப்பு இந்தப் பாத்திரத்துல, தோலு அந்தத் தட்டுல. கம்ப்யூட்டர் வேல பாக்கறவங்களுக்கு இதெல்லாம் தெரியுமா என்ன?

அவரு பாப்பாவக் கூட்டிக்கிட்டு கீழ பால் வாங்கப் போயிருக்காரு. வீட்டு ஓனர் கோவிந்தப்பா புடிச்சு வச்சுக்கிட்டா சீக்கிரம் வர மாட்டாரு. அதுக்குள்ள ஒரு விஷயம் சொல்லிடணும். அவரு இருந்தா எனக்குப் பேச்சு வராது. யாரு இருந்தாலும் வராதுதான், கடையில கொத்தமல்லி கேக்கறதுக்கே மனசுக்குள்ள நாலு தடவ சொல்லிப் பாத்துக்கறவ நான். ஆறாவதோட நின்னுட்டேன். ஆனா அந்த ஃபாரத்துல இவரு சொன்னதெல்லாம் நெசம்னு நீங்க கையெழுத்துப் போட்டுட்டா, அப்புறம் அவர யாராலயும் அசைக்க முடியாது மேடம். அதான் எனக்கு பயம்.

இல்லீங்க, பொய் சொல்றாருன்னு சொல்லல. எங்க வீட்டுக்காரருக்குப் பொய்யே வராது. பெட்ரோல் செலவுன்னு கம்பெனிக்கு நடந்துதான் போவாரு, அப்படி நடந்து வர்றப்ப நீலகிரித் தைலமரத் தோப்புகிட்ட கண்ணக் கூசற மாதிரி வெளிச்சம் வந்துச்சு, ரப்பர் எரியற நாத்தம் அடிச்சுது, முழிச்சுப் பாத்தா மண்ணுல கெடந்தாரு, மூணு மணி நேரம் காணோம். அது அவருக்கு நடந்தது. நீங்க ஆராய்ச்சி பண்றீங்களே, அந்த வேற உலகத்து ஆளுங்க தூக்கிட்டுப் போனாங்கங்கறது, ஃபோன்ல வீடியோ பாத்து அப்புறம் சேத்துக்கிட்டது. நான் ரெண்டையும் தனித்தனியா வச்சுப் பாக்கறேன், அவ்ளோதான்.

என்னா, இங்க இருக்கறவங்க எல்லாரும் பாத்தாங்களா? நல்லா கேட்டீங்க போங்க! தண்ணி புடிக்கற எடத்துல எல்லாரையும் ஒன்னா நிக்க வச்சு ரெக்கார்டு பண்ணீங்க இல்ல, நான் குடத்த வச்சுக்கிட்டு அங்கதான் நின்னேன். மொதல்ல பக்கத்து வீட்டு சௌம்யா நீலக் கலர்னா. அப்புறம் வாயத் தொறந்தவங்க எல்லாரும் நீலம்னாங்க. அதுக்கு முன்னாடி நான் மொட்டமாடியில துணி காயப் போடறப்ப ஒவ்வொருத்தரா கேட்டேனே, அப்ப கோவிந்தப்பா சிவப்புன்னாரு, சௌம்யாவே பச்சைன்னா. சரளாக்கா இன்னும் ஒரு படி மேல, பாட்டெல்லாம் கேட்டுச்சாம். அக்கா, நீ அன்னிக்கி கல்யாணத்துக்குத் திண்டிவனம் போயிருந்தியேன்னேன். அதனால என்னடி, அங்கேருந்தே தெரிஞ்சுதுங்குது!

சிரிக்காதீங்க. நீங்க சிரிச்சா எனக்கும் வருது.

அந்த மூணு மணி நேரமும் கேளுங்க. ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் முடிஞ்சு கெளம்பினேன், வீட்டுக்கு வந்தப்ப அஞ்சுன்னு இவரு சொன்னாரு. நீங்களும் எழுதிக்கிட்டீங்க. நான் மறுநாள் சாப்பாட்டு டப்பா குடுக்கற சாக்குல கம்பெனி கேட்டுக்குப் போனேன். சிரில்னு ஒரு செக்யூரிட்டி அண்ணன், நல்ல மனுஷன். கேட் நோட்டப் பாத்துட்டு நாலே காலுக்கு வெளிய போயிருக்கான்மான்னாரு. ஓவர்டைம் பாத்திருக்காரு மேடம்! அது இவருக்கு ஞாபகமே இல்ல. அங்கேருந்து இங்க நடக்க இருபது நிமிஷம். மிச்சம் எவ்ளோ? இருபத்தஞ்சு நிமிஷம். அதுக்குள்ள ஆகாசத்துக்குப் போயி, ஆராய்ச்சி பண்ணி, எறக்கி விட்டுட்டாங்களா? இங்கேருந்து மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு போகவே ஒன்னரை மணி நேரம் ஆகுதே!

இத அவருகிட்டயும் சொன்னேன். அவங்க கடியாரம் வேற, நம்ம கடியாரம் வேறடின்னாரு. எத சொன்னாலும் பொருந்தற மாதிரி ஒரு பதில வச்சிருந்தா, அப்புறம் கேள்வியே கேக்க முடியாது இல்ல?

ஆமா, நாக்குல காயம் இருக்குது. நீங்க அவ்ளோ குஷியா ஃபோட்டோ எடுத்தீங்களே, ஊசி போட்டு சாம்பிள் எடுத்திருக்காங்கன்னு. நல்லாப் பாருங்க, நடுவுல இல்ல, ஓரத்துல இருக்குது. கடவாப் பல்லு படற எடம்.

இதுல பூச்சி இருக்குது, தள்ளி வைங்க.

போன செவ்வாக்கிழம காலையில இட்லி சாப்ட்டுட்டு இதே எடத்துல உக்காந்திருந்தாரு. நான் எதிர்லயே இருந்தேன். பேசிக்கிட்டே இருந்தவரு நிறுத்திட்டாரு. கண்ணு ஒரு பக்கமா நின்னு போச்சு. வாயில ஒன்னும் இல்லாமயே மென்னுக்கிட்டு, சட்ட பட்டன நெருடிக்கிட்டு. கூப்ட்டேன், காதுல விழல. ஒரு நிமிஷம்கூட இருக்காது. அப்புறம் என்னப் பாத்து, மறுபடியும் வந்தாங்க, வெளிச்சத்தப் பாத்தியான்னாரு. நான் கண்ணக்கூடக் கொட்டல மேடம். எந்த வெளிச்சமும் வரல. யாரும் வரல. அவரு எங்கயும் போகல, இந்தப் பாய்லதான் இருந்தாரு.

அவரு என்ன நெனைக்கறாரு தெரியுமா? பத்து வருஷமா அச்சு மெஷின்ல பிளாஸ்டிக் மூடி எடுக்கறவருக்கு, இப்பதான் தெருவுல மரியாதை. உக்காருங்க முனியப்பண்ணான்னு டீ வாங்கித் தர்றாங்க. அதப் போயி நான் எப்படி இல்லேன்னு சொல்ல? அன்னிக்கிப் போட்டிருந்த பேண்ட்ட தொவச்சவ நான். எதுல நனைஞ்சிருந்துச்சுன்னு அவருக்கே சொல்லல. எங்க பெரியம்மா பையனுக்கு இப்படித்தான் இருந்துச்சு, நான் சின்ன வயசுல கிட்டவே பாத்திருக்கேன். ஃபிட்ஸ் மேடம். ஒருவேள நான் நெனைக்கறதும் தப்பா இருக்கலாம். எனக்கு மட்டும் எல்லாம் தெரியுமா? அதையும் பாத்துடணும்ங்கறேன். மொதல்ல இது இல்லேன்னு ஆகட்டும், அப்புறம் வேற உலகம்னு எழுதுங்க. நானே சாட்சிக் கையெழுத்துப் போடறேன்.

டாக்டர்கிட்ட போலாம்னா, என்னப் பைத்தியம்னு சொல்றியான்னு கோவப்படறாரு. ஆனா நீங்க சொன்னா கேப்பாரு. உங்க ஃபாரத்துல கடசியில இடம் இருக்குதே, அங்க ஒரு வரி எழுதிடுங்க. ஆகாசத்துக்குப் போயிட்டு வந்தவங்க எல்லாரும் கட்டாயம் தலைய ஸ்கேன் எடுத்துக் காட்டணும்னு. ஆராய்ச்சிக்குன்னு சொல்லுங்க, குளிச்சு நல்ல சட்ட போட்டுக்கிட்டுப் போவாரு. பொய் இல்ல பாருங்க, ஆராய்ச்சிதானே அது?

அவசரம் எதுக்குன்னா, ஒன்னுமில்ல, தெனம் காலையில பாப்பாவ வண்டியில முன்னாடி டேங்க் மேல உக்கார வச்சுத்தான் ஸ்கூலுக்கு விடறாரு. முந்தாநேத்து சிந்து வந்து சொல்றா, அம்மா, அப்பா சிக்னல்ல பச்சை விழுந்தும் போகல, எல்லாரும் ஹாரன் அடிச்சாங்க, அப்பா சும்மா மென்னுக்கிட்டே இருந்தாருன்னு.

என்னாங்க? ஆங், கேக்குது! மேடத்துக்குத் தோப்பக் காட்டணுமா? இப்பவேவா? பாப்பா எதுக்குங்க வண்டியில, எறக்கி விடுங்க, சிந்து, எறங்குடி, தோ வந்துட்டேன். மேடம், நீங்க உங்க கார்லயே அவர ஏத்திக்கிட்டு, வண்டிச் சாவிய எப்படியாவது வாங்கி...