சுவரைப் பார்த்த நாற்காலி

விமானம் தாமதமானால் முதலில் தண்ணீர் கொடுக்க வேண்டும், ஐயா. கோபமாக இருப்பவர் பாட்டிலை வாங்கிவிட்டால் கொஞ்ச நேரம் வாய்க்கு வேறு வேலை வந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த அன்று எங்களுக்குச் சொன்னது இதுதான். நான் இன்றுவரை மீறியதில்லை.

நடக்க முடியாதவர்களைச் சக்கர நாற்காலியில் வைத்து விமானத்தின் வாசல்வரை தள்ளிக்கொண்டு போவது என் வேலை. தள்ளுகிற எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. தாமதத்தில் யாராவது கத்த ஆரம்பித்தால், அவருடைய நாற்காலியைக் கூட்டத்திலிருந்து பிரித்து, சுவரைப் பார்க்கத் திருப்பி, பிரேக்கைப் போட்டுவிடுவோம். கத்துகிறவருக்கு எதிரே ஒரு முகம் வேண்டும். சுவரிடம் எவ்வளவு நேரம்தான் கத்துவார்? தானாக அடங்கிவிடுவார். இதில் கெடுதல் ஒன்றும் இல்லை.

அன்று காலையிலிருந்தே மூடுபனி. கவுண்டரைக் கூட்டம் மொய்த்துக்கொண்டிருந்தது. எல்லார் குரலுக்கும் மேலே என் நாற்காலியில் இருந்த ஒரு மீசைக்காரர் குரல். இரண்டு காலும் வராது அவருக்கு. மகளுக்கு ஆபரேஷனாம், உள்ளே கொண்டுபோவதற்குள் அவள் முகத்தைப் பார்த்துவிட வேண்டுமாம்.

"எம் பொண்ணு அங்க தனியா கிடக்கா. நீங்க பிஸ்கட்டக் குடுத்து ஏமாத்துறீங்களா?" என்றார். கவுண்டர் பெண் அழுதே விட்டாள்.

நான் அவரைச் சமாதானப்படுத்தத்தான் போனேன். திரையில் புதிதாக ஏதோ வந்திருந்தது. படித்துச் சொன்னேன். தலை நரைத்த பிறகுதான் எனக்கு எழுத்து வந்தது. இன்னும் கூட்டித்தான் படிப்பேன்.

"தா... ம... தம்..."

"அடேங்கப்பா, வாத்தியாரே! நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள ப்ளேன் போயிட்டுத் திரும்பியே வந்துடும்" என்றார் மீசைக்காரர்.

அதுவரை எரிந்து விழுந்துகொண்டிருந்த கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. கவுண்டர் பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன். அதை மனதில் வைத்துக்கொண்டு செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள்.

அவரைக் கூடத்தின் கோடிவரை தள்ளிக்கொண்டு போனேன். அங்கே ஒரு வாசலைப் பழுது என்று அடைத்து, தட்டி வைத்து மறைத்திருந்தார்கள். ஆள் நடமாட்டம் கிடையாது. சுவரைப் பார்க்கத் திருப்பிப் பிரேக்கை மிதித்தேன். அது பின்பக்கம் இருக்கும், உட்கார்ந்தவருக்கு எட்டாது. கைப்பையையும் பின்னால் மாட்டினேன். மடியில் விட்டால் தூக்கி எறிவார்கள். அதில்தான் போன் இருந்தது; நெஞ்சுவலி மாத்திரையும் இருந்தது. காலையில் அவரே காட்டி, "இது மட்டும் என் கைக்கு எட்டணும் தம்பி" என்று சொல்லியிருந்தார்.

பனி விலகி எல்லாரையும் ஏற்ற ஆரம்பித்தார்கள். கவுண்டர் பெண் ஓடி வந்தாள்.

"அண்ணே, மீசைக்காரர் எங்க?"

"காத்திருக்க முடியாதுன்னு கார் பிடிச்சுப் போயிட்டாரும்மா."

அவளை எதற்கு இன்னொரு தடவை அழவைப்பது?

விமானம் கிளம்பிய பிறகு போய்ப் பார்த்தேன். சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. ஒரு கை நெஞ்சில். ஒரு கை பின்னால் துழாவிக்கொண்டிருந்தது.

"பை... தம்பி... பை..."

கத்தவே இல்லை. எங்கள் வழக்கம் வீண்போகவில்லை என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

எதிர்ச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. "அதப் படிங்க சார். படிச்சு முடிச்சதும் தர்றேன்" என்றேன். "அவசரமில்ல. கூட்டியே படிங்க."

நல்ல மனிதர், படிக்கப் பார்த்தார். "ப... ழு..." வரைக்கும் வந்தார். பையைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நின்றேன். நான் சிரிக்கவில்லை, ஐயா. படிக்கிறவரைப் பார்த்துச் சிரிப்பது தப்பு.

கொன்றாயா என்று கேட்கிறீர்கள். மாத்திரை என் கையில் இருந்தது; கொடுக்கவில்லை. அது உண்மை. ஆனால் அவர்மேல் என் விரல் பட்டதில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசியதில்லை. தலை சாய்ந்த பிறகும் நான் முறையை விடவில்லை. தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து அவர் கையில் வைத்தேன். அவர் வாங்கிக்கொள்ளவில்லை, நழுவி மடியெல்லாம் கொட்டிவிட்டது.

அவ்வளவு நேரம் சுவரைப் பார்த்தும் மனிதருக்கு என்மேல் கோபம் ஆறவில்லை.