பேருந்து நிறுத்தம்வரை தூக்கிச் சென்ற குழந்தை

மேலே பெயர் எழுதப்பட்டுள்ள எனக்கு வயது நாற்பத்தாறு. திருமணம் ஆகவில்லை. ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு மாடிவீட்டில் அண்ணனுடன் குடியிருக்கிறேன். திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை செய்கிறேன். அங்கே எல்லோருக்கும் நான் பெரியக்கா.

எங்கள் அப்பாவுக்கு யாரும் பேசாத பேச்சு காதில் விழும். அவர் கதவைத் தாழிட்டுக்கொண்டு கத்திய காலமெல்லாம் அண்ணன் அந்த வீட்டிலேயே இருந்தார், என்னை மட்டும் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு கல்லூரியில் படிக்கும்போது அண்ணனுக்கும் அதே நோய் வந்தது. எனக்கு வரவில்லை. "நீ அத்தை வீட்டுச் சோத்துல தப்பிச்சிட்ட" என்று அண்ணன் இன்றும் கேலி செய்வார்.

அதன் பிறகு எங்கள் கடைக்குத் திரைச்சீலைக் கம்பி மாட்டித் தரும் எலெக்ட்ரீஷியன் என்னைக் கட்டிக்கொள்ளக் கேட்டார். எனக்கும் விருப்பம்தான். பிறக்கும் பிள்ளைக்கு அது வராமல் இருக்காது என்று அம்மா சொல்லியிருந்ததால் மாட்டேன் என்றேன். காரணம் கேட்டார், சொல்லவில்லை. சில வருடம் பார்த்துவிட்டு வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். போன வருடம் அவர் மகள் வீட்டுக்குத் திரைச்சீலை தைத்தது நான்தான். அதில் ஒன்று குழந்தை அறைக்கு.

நேற்றுக் காலை கடையிலிருந்து நேராக அண்ணனை மனநல மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அவர் மருந்து வரிசையில் நின்றார். பெஞ்சில் என் பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தாள். யாரைக் காட்ட வந்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"எனக்குத்தாங்கக்கா. எங்கம்மாவுக்கும் இருந்துச்சு" என்றாள்.

குழந்தையைக் காட்டி, பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் பெத்துக்கிட்டேன். மத்தவங்கள விட வர்ற வாய்ப்பு ஜாஸ்திதானாம். ஆனா நிறைய பேருக்கு வராமலே போயிடுதாம். ரத்தம் மட்டும் இல்லையாம், வளர்ற வீடும் சேர்ந்துதானாம். அதான் நாங்க வீட்ல கத்திப் பேசிக்கிறதே இல்ல."

இதை என்னிடம் யாரும் சொன்னதில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை.

அதன் பிறகு அவளை உள்ளே கூப்பிட்டார்கள். "கொஞ்சம் வச்சிருங்கக்கா" என்று குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போனாள். என் கழுத்தில் கழற்ற மறந்திருந்த அளவு நாடாவை அது வாயில் வைத்துச் சப்பியது. அதன் பிறகு அழுதது. நடந்தால் அழுகையை நிறுத்தியது, ஆகவே நடந்தேன். படி இறங்கி, வாசலைத் தாண்டி, பேருந்து நிறுத்தத்துக்கு வந்தபோது என் தோளில் தூங்கிவிட்டது. எங்கள் தெரு வழியாகப் போகும் பேருந்து வந்து நின்றது. "கைப்புள்ளக்காரம்மா வருது, வழி விடுங்க" என்றார் நடத்துனர். என்னை அப்படி யாரும் சொன்னதில்லை. படியில் ஒரு காலை வைத்தேன்.

அப்போது மருத்துவமனைக் காவலாளி என் கையைப் பிடித்து இழுத்தார். அந்தப் பெண் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். பின்னாலேயே அண்ணன் மருந்துப் பையோடு வந்து, சத்தம் போட்ட காவலாளியிடம், "புள்ள தூங்குது, மெதுவாப் பேசுங்க" என்றார். குழந்தையை நானே அவள் கையில் கொடுத்தேன். புகார் கொடுத்தது மருத்துவமனை. அந்தப் பெண், 'நான்தான் வைத்திருக்கச் சொன்னேன்' என்று மட்டும் எழுதிக் கொடுத்ததாக அறிகிறேன்.

மேற்கண்டதைப் படித்துக் காட்டக் கேட்டேன். எழுதிய பெண் காவலர், 'தூக்கிப் போகும் எண்ணம் இல்லாமல்' என்று என் நன்மைக்காக ஓரிடத்தில் சேர்த்திருந்தார். அந்தச் சொற்களை அடித்துவிடச் சொன்னேன். அந்த எண்ணம் இருந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. மற்றவை யாவும் நான் சொன்னபடியே உள்ளன, உண்மை என்று கையெழுத்திடுகிறேன்.