அவர் எங்கே தங்குவார்?

மலைமேல் ஒண்டிக்கடையில் கிளம்பிய நாகலூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். ஒருவர் மடியில் பேப்பர், மற்றவர் மடியில் மிளகுச் சாக்கு.

"டெல்லியில ஊழலைப் புடிக்கிற ஆணையத்துக்குத் தலைவரு போடப் போறாங்களாமுங்க. எந்தக் கட்சியையும் சேராத ஆளா வேணுமாம்."

"அவரு எங்க தங்குவாருங்க?"

பேப்பர்க்காரர் திரும்பிப் பார்த்தார். "ஏனுங்க, அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"எனக்கும் என்ற பங்காளிக்கும் வேலித் தகராறுங்க. ரெண்டு பேருக்கும் ஒட்டு உறவு இல்லாத ஆளு வேணும்னு அடிவாரத்துல இருந்து ரிட்டயரான சர்வேயர் ஒருத்தரைக் கூட்டியாந்தோம். நொம்ப நேர்மையான மனுசன். என்ற ஊட்டுல காப்பி கூடத் தொடலீங்க."

"அப்புறம்?"

"அளக்கறதுக்குள்ள மழை புடிச்சுக்கிச்சு. ரோட்டுல மண்ணு சரிஞ்சு பஸ்ஸும் வரலை. என்ற ஊடு ஒழுகும், பங்காளி ஊட்டுல படுத்தாரு. காத்தால வந்து அளந்தாரு. என்ற பலாமரம் அந்தப் பக்கம் போயிருச்சு."

"காசு வாங்கியிருப்பாரு."

"சேச்சே, ஒரு பைசா வாங்கலீங்க. குளிக்கச் சுடுதண்ணி வெச்சுக் குடுத்திருக்காங்க. போத்திக்கக் கம்பளி குடுத்திருக்காங்க. அவ்வளவுதாங்க."

பேப்பர்க்காரர் சிரித்தார். "டெல்லியில அந்தக் கஷ்டமெல்லாம் இல்லீங்க. கவர்மெண்டே பங்களா குடுத்துரும்."

"கேஸு யாரு மேலங்க வரும்?"

"கவர்மெண்டுல இருக்கறவங்க மேலதான்."

மிளகுக்காரரின் ஸ்டாப் வந்துவிட்டது. சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு எழுந்தார்.

"டெல்லியில குளிரு சாஸ்திங்க. கம்பளி நல்லதாவே குடுப்பாங்க."